அஸ்திவாரக் குழியும் ஒரு பானை உப்பும்: மரக்காணப் படையெடுப்பு

போன வாரம் மரக்காணத்தின் மீது படையெடுக்க நேர்ந்தது. காரணம், அக்கா மகள் கலையின் போன். "மாமா, நாளைக்கு அஸ்திவாரத்துக்கு கான்கிரீட். எங்க அத்தை ஒரு பானை உப்பு வெச்சிருக்காங்க. குழியில போட்டாதான் வீடு விளங்குமாம். நான் வேணாம்னா சண்டையாயிடும். நீங்க வாங்க." முப்பது வருடம் கட்டட டிசைன் போட்ட என் மீசை, போர்முரசு கேட்டதுபோல் துடித்தது.

திருவான்மியூரில் காலை ஆறு மணிக்குப் புதுச்சேரி பஸ். ஈசிஆரில் சுமார் நூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ஊர் நெருங்கும்போது உப்புக் குவியல்கள் தெரியும். இமயமலை பனியை இங்கேதான் கடன் வாங்கியிருக்க வேண்டும்.

"உப்பு போடப்போறாங்களே, அந்த வீடா சார்?" என்றார், பஸ் நிறுத்தத்தில் விலாசம் கேட்ட ஆட்டோக்காரர்.

"போட்டுட்டாங்களா?"

"நான் பார்க்கச்சொல்ல பானை கையில இருந்துச்சு."

"விரட்டுப்பா!"

மிக்சர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உப்பளத்துக்காரரான கலையின் மாமியார் குழி ஓரமாகப் பானையோடு நின்றார். "வாங்க இஞ்சினீரு! நமக்குச் சோறு போட்ட உப்பு, நம்ம வீட்டுக்கு ஆகாதாமே?"

"சம்பந்தியம்மா, கட்டட விதி போட்ட கோடு புக்குல, உப்புல இருக்கிற குளோரைடு அளவு..."

"நம்ம வீட்டு விசேஷத்துல அது யாருங்க நடுவுல?"

கொத்தனார் முதல் சித்தாள் வரை சிரித்தார்கள். நான் வேறு ஆயுதம் எடுத்தேன். "சரி, உங்க உப்பளத்து மோட்டாருக்கு இரும்பு ஸ்டாண்டு போட்டீங்களே, தாங்குதா?"

"எங்கங்க தாங்குது! ரெண்டே வருஷம், துருப்பிடிச்சு அப்பளமா உதிர்ந்துடுச்சு. அதான் சவுக்குக் கட்டையில..." பேச்சு நின்றது. குழிக்குள் நின்ற கம்பிகளைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். "ஏன்டி கலை, இதை மொதல்லயே சொல்லக்கூடாதா?" பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "பால் காய்ச்சறப்போ இதுதான் மொதல்ல உள்ள போவணும். சொல்லிட்டேன்."

"நானே தூக்கிட்டு வர்றேன் அத்தை," என்றாள் கலை.

நான் விட்ட பெருமூச்சில் பக்கத்துப் பாத்திகளில் உப்பு ஒரு நாள் முன்னதாகவே விளைந்திருக்கும்.

கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு: கான்கிரீட் எம்30 தரத்துக்குக் குறைய வேண்டாம். கம்பியை மூடும் கான்கிரீட், தூணில் நாற்பத்தைந்து மில்லிமீட்டர், அஸ்திவாரத்தில் ஐம்பது. அந்த இடைவெளிக்குக் கம்பியைத் தாங்கும் சிமெண்ட் கட்டை, அதாவது கவர் பிளாக், வைக்காமல் கொட்ட விடாதீர்கள். கலவைத் தண்ணீரை டெஸ்ட் செய்யுங்கள். மாமியாரிடம் கோடு புத்தகத்தைத் திறக்காதீர்கள்.

மதியம் சம்பந்தியம்மா கையால் மீன் குழம்பு. உப்பு கொஞ்சம் தூக்கல். அதைப் பற்றி வாயே திறக்காமல் இரண்டாம் முறையும் ஊற்றச் சொன்னேன்.