மேடை உனக்கு, கூடம் நெல்லுக்கு

எங்கள் ஊர் மன்றத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஈர நெல்லின் வாசனைதான். பிறகுதான் மாலை, சந்தனம், நாயனம் எல்லாம். உயரத்து ஜன்னல்களிலிருந்து இறங்கும் வெயிலில் தூசி மிதக்கிறது, மின்விசிறிகள் முனகுகின்றன, நான் பட்டுச்சேலையில் நிற்கிறேன். கனவா நினைவா என்று சில நாள் எனக்கே சந்தேகம் வரும்.

குடவாசல் பக்கம் எங்கள் ஊர். மன்றம் இருக்கும் இடம் முன்பு பொதுக்களம். அறுத்த கதிரை எல்லோரும் அங்கேதான் அடித்தார்களாம். வீட்டுக்கு வீடு நெல் அளந்து, அதை விற்றுத்தான் கட்டடம் எழும்பியது. அன்றைக்கே ஒரு பேச்சு: அறுப்பு நேரத்தில் மழை வந்தால் மன்றம் நெல்லுக்கு. கல்யாணம், கூட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாம் அதற்கு அப்புறம்தான். எத்தனையோ வருடம் அப்படி மழை வராமல் போகவே, பேச்சை ஊர் மறந்துவிட்டது. மன்றத்துச் சாவியை வைத்திருந்த அப்பா மறக்கவில்லை.

என் கல்யாணத்துக்கு முதல் நாள் மழை பிடித்துக்கொண்டது. தை மாதத்தில் மழைக்கு என்ன வேலை? கொள்முதல் நிலையத்து வாசலில் ஊரார் குவித்திருந்த நெல் நனைந்தது. நனைந்ததை எடுக்க மாட்டார்கள், அப்படியே விட்டால் முளைத்துவிடும். மருதாணிக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். வாழைமரம் கட்டிய வாசல் வழியாக மூட்டை மூட்டையாக நெல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"என்னப்பா இது?" என்று கத்தினேன். சின்ன வயதில் அந்த மேடையில் பாடிய நாளிலிருந்து, கல்யாணம் இங்கேதான் என்று ஆசையை வளர்த்திருந்தேன்.

"மேடை உனக்கும்மா. கூடம் நெல்லுக்கு" என்றார். அதற்கு மேல் ஒரு சமாதானமும் இல்லை. நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

மறுநாள் காலை தஞ்சாவூரிலிருந்து வந்த என் மாமனார் வாசலிலேயே நின்றுவிட்டார். "மண்டபம்னு சொன்னீங்க சம்பந்தி, களத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே!"

"களம்தாங்க. செருப்ப மட்டும் வெளிய விட்டுட்டு வாங்க" என்றார் அப்பா.

சுவரோரம் நாற்காலிகள், நடுவில் பரப்பிய நெல். வேட்டிக்காரர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே, ஈரம் உலரக் காலால் நெல்லைக் கிளறினார்கள். நாயனம் துரிதமானபோது கால்களும் துரிதமாயின. தாலி ஏறியதும் தூவிய அட்சதையில் பாதி நெல்லில்தான் விழுந்தது. எனக்குக் கோபம் மட்டும் இறங்கவில்லை.

புறப்படும் நேரத்தில் அப்பாவைக் காணோம். கூடத்து மூலையில் முதுகைக் காட்டியபடி நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு கிளம்புறா, இப்பவும் அவருக்கு நெல்லுதானா?" என்று அம்மாவிடம் சீறினேன்.

அம்மா மெதுவாகச் சொன்னாள். "இதுல நம்ம நெல்லு ஒரு மணிகூட இல்லடி. நம்மது வயல்லயே தண்ணியில சாஞ்சு கெடக்கு. நீ கலங்குவேன்னு சொல்ல வேணாம்னுட்டாரு."

கூறைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். அப்பா பக்கத்தில் நின்று நானும் காலால் கிளறினேன். அவர் கன்னம் நனைந்திருந்தது. வெளியே கார் ஹாரன் அடித்தது.

மறுநாள் புகுந்த வீட்டில் புடவையை உதறி மடிக்கும்போது கொசுவத்திலிருந்து நாலைந்து நெல்மணிகள் உதிர்ந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"முளைக்கலப்பா" என்றேன்.