புகையில் காய்ந்த கஞ்சிரா

எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

மலாயாவில், கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தின் ரப்பர் ஆலையில் எனக்கு வேலை. காய்ந்த ஷீட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, குமிழியும் அழுக்கும் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். ஈப்போவில் பள்ளிக்கூடம் போனவள் என்று கொடுத்த வேலை. அதே ஆலையில் எஞ்சின் ஓட்டிய அப்பா விட்டுப்போன கஞ்சிராவை, எஞ்சின் சத்தத்துக்கு அடித்துப் பார்த்தே நானாகப் பழகினேன்.

மழை மாதங்களில் உடும்புத் தோல் தொய்ந்து, ஈரத் துணியைத் தட்டியது போலாகிவிடும். ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் கொட்டகையில், சூடு குறைந்த கதவோரம் அதைத் தொங்கவிட்டு எடுப்பேன். தோல் வெடிக்குமோ, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பார்த்துவிடுவாரோ, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் விட்டு வந்த என் கைக்குழந்தை அழுமோ என்று ஓயாத பயம்.

சனிக்கிழமை கோயில் பஜனையில் கஞ்சிரா அடிப்பவர் காய்ச்சலில் படுத்தார். நான் அடிக்கிறேன் என்று போய் நின்றேன். பஜனையை நடத்தும் கங்காணி கஞ்சிராவை வாங்கித் தட்டினார்.

"அட, இந்த மழையிலயும் என்னமா பேசுது! நீ போயி பொம்பளைங்க பக்கம் உக்காரு, தங்கச்சி."

"நான் அடிக்கத்தான வந்தேன், அண்ணே?"

"பச்சப்புள்ளக்காரி சபையில உக்காந்து தோலு தட்டுவியா? தோட்டமே சிரிக்கும்லா."

சிரித்தது அவர் பின்னால் இருந்தவர்கள்தான். கங்காணி என் கஞ்சிராவைத் தன் மருமகனிடம் கொடுத்தார்; அவன் பஜனை முடியும்வரை அதைத் தகரம் போல அறைந்தான். குழந்தைக்குப் பால் கொடுத்தபடி, அடி தவறும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன். நான் காய வைத்த தோல் சபைக்கு ஆகும். காய வைத்த கை ஆகாதாம்! முடிந்ததும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கங்காணி எங்கள் வாசலில் நின்றார்.

"கஞ்சிராவ எடும்மா, நேரமாவுது."

"என்னையக் கூப்புட்டா அதுவும் வரும்ண்ணே."

"வாய் நீளுது. ஒம் புருசங்கிட்ட பேசிக்கிறேன்."

பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துவிட்டு வந்து அசந்து கிடந்த கணவர், "அது அவ பொருளு. அவகிட்டயே கேளுங்கண்ணே" என்றார். 'குடுத்துத் தொல' என்பாரோ என்று பயந்திருந்தேன்.

வெறும் ஜால்ராவோடு பஜனை தொடங்கியது எங்கள் லயத்து வீடுவரை கேட்டது. சாமி காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று பயம் வந்தது. பிறகு கோபம் வந்து அதை அமுக்கியது. குழந்தையை ஏணையில் போட்டு, கதவை அகலத் திறந்து, அவர்கள் பாட்டுக்கு இங்கிருந்தே பலங்கொண்ட மட்டும் அடித்தேன். ஜால்ரா தடுமாறியது. பிறகு அது என் தாளத்துக்கு வந்ததா, நான்தான் அதற்குப் போனேனா, நிச்சயமாகத் தெரியவில்லை. நிறுத்தச் சொல்லி மட்டும் யாரும் வரவில்லை.