கணக்கில் வராத கணுக்கால்

ரூத்துக்கு எட்டு வயதில் வந்த மூட்டுவாதம் கல்யாணத்துக்கும் கூடவே வந்தது. மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டல் ஒன்றில் அவளுக்கு வேலை. காலைச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்று மேசைக்கு அழைத்துப்போக வேண்டும். பள்ளியில் விளையாட்டு நேரமெல்லாம் வகுப்பறையிலேயே கிடந்தவளுக்கு, நாலு பேர் நடுவில் நடமாடுகிற அந்த வேலை உயிராகிப்போனதில் அதிசயமில்லை.

செங்கல்பட்டில் அவளைப் பார்த்துவந்த டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என்று அழுத்திப் பார்ப்பார். எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது, எத்தனை வலிக்கிறது என்று எண்ணி, ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கணக்குப் போடுவார். அந்தக் கணக்கில் முழங்காலுக்குக் கீழே எதுவும் கிடையாது. ஆனாலும் ஒருநாள், சிறுவயதில் பிடித்த வாதம் பாதத்தையும் விடாதே என்று பார்க்கக் குனிந்தார். ரூத் வெடுக்கென்று காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் மேடம். நீங்க போயி என் கால தொட்டுகினு. அங்க ஒண்ணும் இல்ல."

உண்மையில் இடது கணுக்கால் புடவைக்குள் பணியாரமாய் உப்பியிருந்தது. அம்மா வயசுக்காரர், அதுவும் தன்னை எழுந்து நடக்கவைத்த மகராசி. அவர் கை தன் காலில் படுவதா?

"சரி, மொத்தத்துல எவ்வளவு கஷ்டம்? பத்துக்குச் சொல்லு."

"ரெண்டு."

சின்ன வயசில் தரையில் தவழ்ந்த நாட்களோடு வைத்துப் பார்த்தால் ரெண்டுதான். நோய் அடங்கிவிட்டது என்றது கணக்கு. டாக்டரம்மா சந்தோஷமாக மாத்திரையைக் குறைத்தார்.

வெளியே அவள் புருஷன் ஆல்வின் வண்டியோடு நின்றான். "இன்னா, பாஸா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"அப்போ நொண்டிகினு வர்றது யாரு, உன் தங்கச்சியா?"

"ஷூ கடிக்குது. வண்டிய எடு."

ஷூவை மாற்றினாள், வலி மாறவில்லை. அடுத்தடுத்த முறைகளிலும் அதே ரெண்டுதான். டாக்டரம்மா ஓய்வுபெற்ற பின் அந்த இடத்துக்கு வந்த டாக்டர் ஜெயப்பிரியா, முதலில் அவளை நடக்கச் சொன்னார். பிறகு கட்டிலில் ஏற்றி, அவள் நெளிவதைப் பொருட்படுத்தாமல் கணுக்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேக்கு அனுப்பினார்.

"மூட்டு தேஞ்சு ஒட்ட ஆரம்பிச்சிருச்சு ரூத். மருந்தக் கூட்டுனா வலி குறையும். ஆனா பழையபடி மடங்காது. நின்னுட்டே செய்யற வேலைய விட்டுடுங்க."

"முன்னமே பாத்திருந்தா மேடம்?"

ஜெயப்பிரியா எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். "வெறும் வீக்கமா இருந்தப்பன்னா மருந்துலயே அடக்கியிருக்கலாம்."

டாக்டரம்மாவைக் குறை சொல்ல ரூத்துக்கு வாய் வரவில்லை. அந்த மனுஷி குனியத்தான் செய்தார். மரியாதை என்று நினைத்துக் காலை ஒளித்துவைத்ததில் போனது ஒரு மூட்டு மட்டுமல்ல, உயிரான அந்த வேலையும்தான் என்பது, ஓட்டல் சீருடையைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

இப்போது அதே ஓட்டலில் பின்பக்கத்து அறையில் உட்கார்ந்து போன் எடுக்கிறாள். ஜன்னல் கிடையாது. நேற்று யாரோ சென்னையிலிருந்து கேட்டார்கள், அறையிலிருந்து கடற்கரை எவ்வளவு தூரம் என்று.

"பக்கம்தான் சார்," என்றாள் ரூத். "நடந்தே போயிடலாம்."