ஒற்றைக் கோடு மூட்டை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் பிரிந்து இந்த வைகாசியோடு ஒரு வருடம் நிறைகிறது. அவரைப் பற்றி நல்லதாக எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என்னையும் எழுதக் கேட்டபோது, உள்ளதை உள்ளபடிதான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். உள்ளது என்னவென்றால், அவருக்கு ஒரே தங்கையான நான், நினைவு தெரிந்த நாளிலிருந்து அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள்.

அக்கா பிறந்தது ஓமலூருக்கு மேற்கே ஒரு காட்டுக் கொட்டாயில். மழை பொய்த்து நிலம் கைவிட்டபோது அப்பா ரோட்டோரம் விறகுக் கடை போட்டார். அக்கா எட்டாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டு அப்பாவுக்குத் துணையாக நின்றார். நான் பன்னிரண்டாவது வரை படித்தேன். அந்த ஒன்றில்தான் அக்காவை முந்தியிருந்தேன். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏனென்றால் அப்பாவுக்கு எல்லாம் அக்காதான். வண்டி மரம் வந்தால், "பெரியவகிட்டக் காட்டிட்டு எறக்குங்க" என்பார். அக்கா இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். காய்ந்ததென்றால் கணீரென்று கேட்கும். பச்சை என்றால் தொப்பென்று விழும். அதோடு விடமாட்டார். கட்டையின் பிளந்த பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். உள்ளே ஈரம் இருந்தால் கன்னத்துக்குச் சில்லென்று தெரியுமாம். ஊரே அதை அதிசயமாகப் பேசும். எனக்கு வயிறு எரியும். நானும் ரகசியமாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சிராய் ஏறியதுதான் மிச்சம்.

எனக்கு எடப்பாடியில் திருமணம் ஆனது. அக்காவுக்கு உள்ளூரிலேயே. மாமா நான்கே வருடத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அடுத்த வருடம் அப்பாவும் போனார். அக்கா அழுது முடித்த கையோடு கடையைத் திறந்தார். அப்பா காலத்தில் விறகு எடை போட்டுத்தான் விற்பது. ஈர விறகு எடை கூடும், கடைக்காரருக்கு அது லாபம். அக்கா அந்தத் தராசைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பழைய லாரிச் சக்கரத்தின் ரிம்மை வாங்கிவந்து நிறுத்தினார். ஒரு முழத்துக்கு அறுத்துப் பிளந்த கட்டைகளை ரிம்முக்குள் அடுக்க வேண்டும். இடுக்கில் விரல் நுழையக் கூடாது. ரிம் நிறைந்தால் ஒரு அளவு. அதை ஜவ்வரிசிச் சாக்கில் போட்டுத் தைத்தால் ஒரு மூட்டை.

அந்த மூட்டைகள் ஏற்காட்டுக்குப் போயின. மலையில் மரத்துக்குக் குறைவில்லை. ஆனால் பனியிலும் மஞ்சிலும் அங்கே விறகு காயாது. தங்கும் விடுதிகளில் கணப்பு மூட்ட, கீழே நம் வெயிலில் காய்ந்த விறகுதான் வேண்டும். மூடிய அறைக்குள் எரிகிற விறகு புகையக் கூடாது, பொறி தெறிக்கக் கூடாது. அக்கா சவுக்கையும் வேலிக்காத்தானையும் மட்டும் பொறுக்குவார். தரையில் படாமல் கல்மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, இரண்டு கோடை காட்டிய பிறகுதான் ரிம்முக்குக் கொண்டுவருவார்.

எடப்பாடியில் எங்கள் பிழைப்பாக இருந்த தறி நின்றுபோனபோது நானும் வீட்டுக்காரரும் ஓமலூருக்கே திரும்பி வந்தோம். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வா கண்ணு, ரெண்டு பேருமாப் பாத்துக்கலாம்" என்றார். அவரிடம் கை நீட்டி நிற்க வேண்டி வந்ததே என்று அதற்கும் எனக்கு ஆத்திரம்.

யார் கட்டிய மூட்டை என்று தெரிவதற்காகச் சாக்கின் மேல் காவியால் கோடு போடுவோம். அக்கா கட்டியதற்கு ஒரு கோடு, நான் கட்டியதற்கு இரண்டு. குறை வந்தால் யாரைக் கேட்பது என்பதற்காக அக்கா செய்த ஏற்பாடு அது. அது எனக்கு வினையாக முடிந்தது. ஏற்காட்டில் எங்களிடம் நிறைய வாங்கும் விடுதியின் மேனேஜர் போன் செய்தால் முதல் கேள்வியே, "ஏனுங்க, ஒத்தக் கோடு எத்தன மூட்டை இருக்குதுங்க?" என்பதுதான். இரண்டு கோடு போட்டதை வேறு வழியில்லாமல் வாங்குவார். என் மூட்டையை ஒரு முறை, ஒரே ஒரு முறை யாராவது கேட்டு வாங்க வேண்டும் என்று நான் ஏங்கியது அக்காவுக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு ஐப்பசியில் அக்கா மரம் பார்க்கத் தம்மம்பட்டிப் பக்கம் போயிருந்தார். விடுதியிலிருந்து அவசரமாக லோடு கேட்டார்கள். இவர்கள் விறகைப் பார்த்தா வாங்குகிறார்கள், கோட்டைப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள், இன்றைக்குக் காட்டுகிறேன் என்று எனக்குள் ஒரு வீம்பு. மழை நனைத்த அடுக்கிலிருந்து, மேலே உலர்ந்தாற்போல் தெரிந்த கட்டைகளை எடுத்துக் கட்டினேன். தட்டியும் பார்க்கவில்லை, தொட்டும் பார்க்கவில்லை. எல்லா மூட்டைக்கும் ஒற்றைக் கோடு போட்டு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் மூட்டைகள் திரும்பி வந்தன. விடுதிக் கூடமெல்லாம் புகையாம். தங்க வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நின்றார்களாம். மேனேஜர் போனில் கத்தினார். அதற்குள் அக்கா வந்துவிட்டார். சாக்கின் மேலிருந்த கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாந்தானுங்க கட்டுனேன். மழை நேரத்துல அவசரப்பட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று போனில் சொன்னார்.

போனை வைத்துவிட்டு மூட்டையைப் பிரித்தார். ஒரு கட்டையை எடுத்து என் கன்னத்தில் வைத்தார்.

"சில்லுன்னு இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப அது வேண்டாம், சாமி. அவ்வளவுதான்."

திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். திட்டாததால் பொறாமை இரண்டு மடங்கானது. தப்பை ஒத்துக்கொண்ட நல்ல மனுஷி என்று ஏற்காடு முழுக்க அக்காவுக்குப் பெயர். நான் செய்த தப்பிலும் பெயர் வாங்கியது அவர்தான்.

பிறகு அக்காவுக்குச் சர்க்கரை முற்றிக் காலில் புண் வந்தது. அவருடைய கடைசிக் குளிர்காலத்தில் அவரால் நிற்க முடியவில்லை. விறகு பொறுக்கியதும், ரிம்மில் அடுக்கியதும், தைத்ததும் நான்தான். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மதியம் நான் சமைக்க வீட்டுக்குக் கிளம்பும்போது காவிக் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் கேட்டு வாங்கிக்கொள்வார். "நீ போ கண்ணு, கோடு நான் போட்டுக்கறேன்" என்பார். சாயங்காலம் டெம்போ வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும்.

நான் கட்டியதற்குத் தன் கோட்டைப் போடுகிறார் என்று முடிவு செய்துவிட்டேன். நான் ஒரு நாள் செய்ததை அவரும் செய்யமாட்டாரா என்ன? பார்த்தால் மனசு கொதிக்கும் என்று ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பெயரில் போகும் மூட்டையில் அவரே குறை கண்டுபிடிக்கக் கூடாது என்ற வைராக்கியத்தில், ஒவ்வொரு கட்டையையும் தட்டி, கன்னத்தில் வைத்துப் பார்த்து, விரல் நுழையாமல் அடுக்கினேன். எந்தக் கட்டை சில்லிடுகிறது என்று அந்த மார்கழியில்தான் எனக்குப் பிடிபட்டது. அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வைகாசியில் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். அவரை எரித்ததும் எங்கள் கடை விறகுதான். நான் பொறுக்கிக் கொடுத்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள், "நல்லாக் காஞ்ச வெறகு, பட்டுன்னு புடிச்சுக்கிச்சு. அந்தம்மா காய வெச்சதாச்சே" என்று பேசிக்கொண்டார்கள். நான் பொறுக்கியது என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த நேரத்திலும் அப்படித் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

ஐப்பசியில் ஏற்காட்டு மேனேஜர் போன் செய்தார். துக்கம் விசாரித்துவிட்டு விறகு கேட்டார். "ஒத்தக் கோடு இனிமே வராதுங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அது போன வருசமே வரலீங்களே. முச்சூடும் ரெட்டக் கோடுதான வந்துச்சு. அதையே அனுப்புங்க, அருமையா எரிஞ்சுது."

அவரே தொடர்ந்தார். "மொத லோடு வந்தப்பவே அக்காவக் கேட்டனுங்க, ஏனுங்க உங்க மூட்டை ஒண்ணையுங் காணோம்னு. 'என்ற தங்கச்சி கட்டுனது எரியலீன்னா எனக்கு ஒரு போன் போடுங்க, அடுத்த லோட நானே கட்டி அனுப்பறேன்'னாங்க."

"நீங்க போன் போட்டீங்களா?"

"எரிஞ்சுதுங்களே, எதுக்குப் போடறது?"

'அதையே அனுப்புங்க' என்றாரே, காலமெல்லாம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. அதைக் கேட்டதும் ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் அக்காதான். நிற்க முடியாத காலோடு நாற்காலியில் உட்கார்ந்து, மூட்டைக்கு மூட்டை என் கோட்டைப் போட்டிருக்கிறார். ஒரு நாள் திரும்பிப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இதிலும் என்னை முந்திவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. இப்படி ஒரு மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்ற பொறாமை இன்றைக்கும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்காவின் புண்ணுக்கு முகம் சுளிக்காமல் கட்டுப் போட்ட செவிலியர்களுக்கும், விறகு டெம்போவிலேயே மெத்தை போட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற ஓட்டுநருக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க விடாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், காரியத்துக்கு வந்து நின்ற அத்தனை உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றியைத்தான் உரிய காலத்தில் சொல்லாமல் விட்டேன்.

கடை நடக்கிறது. மூட்டைகளுக்கு இப்போது நானே கோடு போடுகிறேன். முதல் கோடு போட்டதும் அது அக்காவின் மூட்டை ஆகிவிடுகிறது. இரண்டாவது கோட்டைப் போட உடனே கை வருவதில்லை.

இப்படிக்கு,
தங்கை