சம்பந்தியோடு கீரிமலை ஏறியது

என் மருமகள் மலைநாட்டுப் பிள்ளை. மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றபோது பார்த்துக் கட்டினான். இப்போது இங்கே வடக்கில், கடலோரக் கொழும்புத்துறையில் எங்களோடு இருக்கிறார்கள். அவளுக்கு வயிற்றில் முதற்பிள்ளை. ஏழு மாதம் முடிந்ததும் அழைத்துப்போகத் தகப்பன் வந்தார். முதற்பேறு தாய்வீட்டில்தான். அது அவர்களுக்கும் வழக்கம், எங்களுக்கும் வழக்கம்.

ஆனால் அவர்களுடைய வீடு தேயிலைத் தோட்டத்தின் உச்சியில். நான் ஒருமுறை போயிருக்கிறேன். தார் ரோட்டில் இறங்கி இரண்டு மணித்தியாலம் ஏறினேன். மழை என்றால் அந்தப் பாதையில் ஓட்டோவும் வராது. எங்கள் வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குக் கால் மணித்தியாலம்.

"இஞ்சருங்கோ, நீங்கள்தான் கதைக்கோணும்," என்றாள் என் மனுசி. "மருமகளை இஞ்சை விட்டிட்டுப் போகச் சொல்லுங்கோ. நான் சொன்னால் மாமி மறிக்கிறா எண்டு நினைப்பார்."

"பிள்ளை என்ன சொல்லுது?"

"அது தாயைத்தான் கேக்குது. பயந்துபோய்க் கிடக்கு."

எனக்குக் கதைக்க வராது. முப்பது வருஷம் தனியக் கடலுக்குப் போனவன். சம்பந்தி வந்த முதல்நாள் காற்றைப் பற்றிச் சொன்னேன். பிறகு மீன் விலையைச் சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

இரண்டாம் நாள் விடிய அவர் எழும்பி, ஒழுங்கையில் மேலும் கீழும் நடந்துவிட்டு வந்தார்.

"என்னங்க சம்பந்தி, ஊரே சப்பையா இருக்கு. ஏறுறதுக்கு ஒண்ணும் இல்லையா? காலு மரத்துப் போவுது."

மனுசி எனக்குக் கண் காட்டினாள்.

"ஏன் இல்லை. கீரிமலைக்குப் போவம்," என்றேன்.

வெளிக்கிட முன்னம் அவர் காற்சட்டையை மடித்துவிட்டுச் சவர்க்காரத்தை ஈரமாக்கிக் காலில் பூசினார். மருமகள் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா, இங்க கடிக்க அட்டை கெடையாது."

"மலைன்னா அட்டை இருக்கும்மா," என்றார். பூசிக்கொண்டுதான் வந்தார்.

பஸ் கீரிமலைத் தீர்த்தக் கேணியடியில் இறக்கியது. ஒரு பக்கம் கடல். மற்றப் பக்கம் கொஞ்சம் உயர்ந்த கல்நிலம். அவர் நாலு பக்கமும் பார்த்தார்.

"மலை எங்க?"

"உதுதான்."

"நாம நிக்கிறதா?"

"ஓம். இன்னும் கொஞ்சம் உயரும்."

அவர் தன் காலடியைப் பார்த்தார். "எங்க தோட்டத்து லயத்து வீட்டுப் படி இதவிட ஒசரம்," என்றார். ஆனாலும் நடந்தார். கையைப் பின்னால் கட்டி, சின்னச் சின்ன அடியாக. மலையில் ஏறுகிறவர்களின் நடை அது. சமநிலத்திலும் அப்படித்தான் நடக்கிறார். நான் வேகமாகப் போய்ப் போய் நின்றேன்.

அந்தப் பாதையில் ஆட்கள் போவது குறைவு. கன காலம் ஆமி அடைத்து வைத்திருந்து பிறகு விட்ட காணி. வடலிப் பனையும் நாயுண்ணிப் பற்றையும் மூடிக் கிடக்கிறது. உள்ளே போனால் முந்திச் சீமெந்துக்குக் கல் எடுத்த கிடங்குகள். ஒவ்வொன்றும் ஒரு குளம்போல. மாரி தொடங்கியிருந்தது, தண்ணீர் பச்சையாக நிறைந்து நின்றது. நீர்க்காகம் இரண்டு இறகை விரித்துக் காய வைத்தன. கிடங்குச் சுவர்களில் சின்னக் குகைகள். மழை அரித்த பொந்துகள்தான். சிலதுக்குள் ஒரு ஆள் குந்தலாம்.

அவர் நின்று பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது.

"இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"மழைத்தண்ணி. கீழையிருந்தும் ஊறும்."

"எங்க போவுது?"

"ஒரு இடமும் போகாது."

"எங்க ஊருல தண்ணி ஒரு நிமிசம் நிக்காது," என்றார். "நீங்க நல்லாக் கட்டிப் போட்டிருக்கீங்க."

தூறல் வந்தது. ஒரு குகைக்குள் இருவரும் குந்தினோம். மருமகள் போத்தலில் விட்டுத் தந்த, பால் விடாத பிளேன்ரீயைக் குடித்தோம். கேட்பதற்கு இதுதான் இடம் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன்.

"சீனி காணுமோ?" என்றேன்.

"போதும்," என்றார்.

மழை விட்டது. வெளியே வந்தோம். எனக்கு என்மேலேயே கோபம். காற்று மாறுகிறதா என்று கடலைப் பார்த்தபடி நடந்தேன். அது என் பழக்கம். கடலில் காலடியைப் பார்க்கத் தேவையில்லை.

"கீழ பாத்து நடங்க சம்பந்தி," என்றார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை. புல்லுக்குள் இருந்த பொந்தில் என் கால் முழங்கால்வரை போனது. இழுத்து எடுத்தேன். கணுக்கால் அப்போதே வீங்கியது. ஊன்ற முடியவில்லை. ரோட்டுக்கு ஒரு மைல் இருக்கும்.

அவர் என் முன்னால் குந்தி முதுகைக் காட்டினார்.

"ஏறுங்க."

"உங்களுக்கு விசரே? நான் பாரம்."

"உர மூட்டை தூக்குன முதுகுங்க இது. ஏறுங்க."

ஏறினேன். என்னைவிட ஒரு சாண் கட்டை அவர். தூக்கி ஒருமுறை குலுக்கிச் சரிப்படுத்தினார்.

"மீன் தின்ன ஒடம்பு. மூட்டையே மேல்," என்றார்.

பிறகு அதே சின்ன அடி. ஒரு அடிகூடச் சறுக்கவில்லை. கொஞ்சத் தூரத்தால் அவரே கதைத்தார்.

"எங்க ஊருல நோயாளிய இப்படித்தான் எறக்குவோம். புள்ளத்தாச்சின்னா முதுகுல முடியாது. சாக்குல ரெண்டு கம்பு கோத்து நாலு பேரு தூக்குவோம்."

"எல்லாரும் சுகமாப் போய்ச் சேருவினமோ?"

அவர் பத்துப் பதினைந்து அடி நடந்தார்.

"எல்லாரும்னு சொல்ல ஏலாது."

அவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை. என்னுடையது அவருக்குத் தெரியவில்லை. அது எனக்கு லேசாக இருந்தது.

"சம்பந்தி, பிள்ளையை இஞ்சை விடுங்கோ," என்றேன்.

அவர் நின்றார். என்னை இறக்கவில்லை.

"அவ அம்மாவக் கேக்குறாளே."

"அம்மாவையும் வரச் சொல்லுங்கோ. பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியுமட்டும் எங்களோடை நிக்கட்டும்."

"பொண்ணக் குடுத்த வீட்டுல போயி மாசக்கணக்கா ஒக்காந்து சாப்புடுறதா? எங்க சனம் என்ன பேசும்?"

"என்ரை சனமுந்தான் கதைக்கும். கதைக்கட்டும். என்ரை மனுசிக்கும் கைக்கு ஒரு ஆள் வேணும். அவவுக்கும் பயம், சொல்லமாட்டா."

அவர் திரும்ப நடந்தார். பக்கத்தில் ஒரு கிடங்கு, நல்ல ஆழம்.

"முதுகுல ஒக்காந்துக்கிட்டா இதக் கேக்குறது? நான் மாட்டேன்னு சொல்லித் தூக்கிப் போட்டா என்ன செய்வீங்க?"

"உந்தக் கிடங்குக்கைதானே போடுவியள். எனக்கு நீந்தத் தெரியும்."

அவர் சிரித்தார். முதுகு குலுங்கியது. விழாமல் இருக்க அவருடைய கழுத்தைக் கட்டிப் பிடித்தேன்.

"கழுத்த நெரிக்காதீங்க. பேசிப் பாக்குறேன். கொழுந்து பறிக்கப் போகாட்டி என் சம்சாரம் பேரைத் தோட்டத்துல வெட்டிருவாங்க. அவதான் சொல்லணும்."

ரோட்டுக் கரையில் ஒரு கடையின் மர வாங்கில் என்னை இருத்தினார். அப்போதுதான் அவருக்கு மூச்சு வாங்கியது. ஓட்டோ வரச் சொல்லிவிட்டு, தள்ளிப் போய் நின்று போன் எடுத்தார். அவருடைய மனைவியோடு கன நேரம் கதைத்தார். கையை ஆட்டினார். ஆஸ்பத்திரி என்பது மட்டும் இரண்டு மூன்று தரம் கேட்டது. பிறகு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வந்து போனை என்னிடம் நீட்டினார். "ஒங்க வாயால கேக்கணுமாம்."

நான் போனில் கதைக்கிற ஆள் இல்லை. வாங்கிக் காதில் வைத்தேன்.

"வாங்கோ," என்றேன்.



"அங்க குளிருங்களா?" என்று சம்பந்தியம்மா கேட்டார். "கம்பளி கொண்டு வரணுமா?"

"வேண்டாம்," என்றேன்.