டெரிக் அடைத்த வண்டிகள்

டெரிக் ட்ரோமன்ஸுக்குக் கார்களை வயிற்றுப் பக்கமாகத்தான் தெரியும். நாற்பது வருடங்களாக மல்லாந்து படுத்தே வேலை செய்தவர். ஒரு காரின் இருக்கை தோலா துணியா என்று கேட்டால் யோசிப்பார். அதன் அடிச்சட்டமான சேஸிஸில் எந்த மூலையில் துரு முதலில் பிடிக்கும் என்று கேட்டால் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுவார்.

இங்கிலாந்தின் கிராட்லி ஹீத்தில், கால்வாயை ஒட்டிய தகரப் பட்டறைகளில் நான்காவது அவருடையது. எங்கள் பக்கம் குளிர்காலம் முழுக்க, சாலைப் பனியைக் கரைக்க உப்புத் தூவும் லாரி ஓடும். பனி உருகிப் போகும், உப்பு வண்டிகளின் அடியில் ஒட்டிக்கொண்டு இருக்கும். மார்ச் பிறந்ததும் பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் டெரிக்கின் ஞாபகம் வரும்.

கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டுவார். மிச்சத் துருவைக் கருப்பாக்கும் மருந்தைத் தடவுவார். பிறகு துத்தநாகப் பிரைமர், இரண்டு கோட் கருப்பு பெயிண்ட். பெட்டி போல மூடிய சட்டங்களுக்குள் நீளக் குழாயை விட்டு, வெந்நீரில் வைத்து இளக்கிய மெழுகை அடிப்பார். எல்லாம் முடிந்ததும் குறுக்குச் சட்டத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், வெள்ளைப் பெயிண்டில் தன் கட்டைவிரலை ஒற்றுவார்.

இந்த வேலையை வேறு பலரும் செய்தார்கள். டெரிக்குக்குப் பெயர் வாங்கித் தந்தது துளைகள். காரைச் செய்தவர்கள் சட்டத்தின் அடிப்பக்கத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சில துளைகள் விட்டிருப்பார்கள். உப்புத் தண்ணீர் தெறித்து உள்ளே போவது அந்த வழியாகத்தான் என்று அவர் முடிவு கட்டினார். ஒவ்வொன்றுக்கும் ரப்பர் மூடி, மூடியைச் சுற்றிப் பசை. "ஒரு சொட்டு உள்ள போகாது" என்பார். பழைய கார் சங்கத்தின் இதழில் விற்பனை விளம்பரம் கொடுப்பவர்கள் 'டெரிக் அடைத்த வண்டி' என்று தனியாக ஒரு வரி போடுவார்கள். அந்த வரியை மட்டும் அவர் மனைவி மெர்ள் கத்தரித்து வைத்திருந்தார்.

அறுபத்து மூன்று வயதில் இடது தோள் மேலே எழும்ப மறுத்தது. சட்டையை மெர்ள்தான் மாட்டிவிட வேண்டும். மே மாதக் கடைசியில் வாடகைப் பட்டறையின் சாவியை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லியாயிற்று. கடைசியாக வந்தது ஐலீன் பில்லிங்ஹாமின் வெளிர்நீலக் கார்.

ஐலீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் தங்கையை ஏற்றிக்கொண்டு வேல்ஸில் இருக்கும் பார்மவுத் கடற்கரைக்குப் போவார். அந்தக் கார் கோவென்ட்ரியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் செய்தது. பதினாறு வருடங்களுக்கு முன் அதன் துளைகளை அடைத்து, அடிப்பக்கம் முழுக்கப் பெயிண்ட் அடித்தவர் டெரிக். இப்போது கல் தெறித்த இடங்களில் மட்டும் தொட்டுக் கொடுக்க வேண்டும். அவ்வளவு பழைய வண்டிக்கு வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. டெரிக்கைத் தவிர யாரும் அதன் அடியில் படுத்துப் பார்க்கப் போவதில்லை.

காலையில் அவர் படுத்துப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். கணீர், கணீர் என்றது. பின்சக்கரத்துக்கு முன்னால் 'டொப்' என்றது. இன்னொரு முறை தட்டினார். அதே சத்தம். திருப்புளியின் முனையை வைத்து லேசாக அழுத்தினார். பளபளத்த கருப்பு பெயிண்ட் அப்பளம் போல நொறுங்கி, திருப்புளி கைப்பிடி வரை உள்ளே போயிற்று. பழுப்புத் தண்ணீர் வழிந்து சட்டைக் கைக்குள் புகுந்து அக்குள் வரை வந்தது.

 ஒரு சாண் தள்ளி அவருடைய வெள்ளைக் கட்டைவிரல் ரேகை நேற்று வைத்தது போல இருந்தது.

பனியும் ஈரமும் மேலே போல்ட் இடுக்குகள் வழியாக எப்படியும் உள்ளே போகத்தான் செய்யும். உள்ளே போன தண்ணீர் வெளியே வருவதற்காக விட்ட துளைகளைத்தான் அடைத்திருக்கிறோம் என்று டெரிக்குக்கு இப்போது புரிந்தது.

பக்கத்துப் பட்டறை மல்கீத் தேநீரோடு வந்தார். வெல்டிங் செய்பவர், டெரிக்கை விடப் பதினைந்து வயது இளையவர்.

"என்ன பெரிசு, தூங்கிட்டியா? வீட்டுல மெர்ள் படுக்க இடம் குடுக்கலியா?"

"குனிஞ்சு பாரு."

மல்கீத் குனிந்து பார்த்தார். கிண்டல் நின்றது. "இது உன் வேலைதானே?"

"என் வேலைதான்."

"அப்ப ஒரு தகட்ட வெச்சு, மேல கருப்பு அடிச்சு விட்டுடு. அடுத்த வாரம் நீ சாவியக் குடுத்துட்டுப் போயிடுவ. யாருக்குத் தெரியப் போவுது?"

"நீயா இருந்தா அப்படிப் பண்ணுவியா?"

"நான் பண்ண மாட்டேன். எனக்குத் தோள்பட்டை நல்லா இருக்கு."

மல்கீத் போன பிறகு டெரிக் கருப்பு பெயிண்ட் டின்னைத் திறந்தார். குச்சியை விட்டுக் கலக்கினார். கலங்கிய பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தார். தகடு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. பெயிண்ட் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஐலீன் நன்றி சொல்லி ஓட்டிக்கொண்டு போய்விடுவார், மலைப்பாதையில், தங்கையோடு. டின்னை மூடி, மூடியைச் சுத்தியலால் தட்டி இறுக்கினார்.

பன்னிரண்டு மணிக்கு ஐலீன் ஒரு டப்பாவில் ரொட்டிப் புட்டிங்கோடு வந்தார்.

"மூஞ்சி ஏன் கண்ணு இப்படி இருக்கு? மறுபடியும் தோள் வலியா?"

"வண்டிய எடுத்துட்டுப் போகாதீங்க ஐலீன். அடிச்சட்டம் உள்ளுக்குள்ள அழுகிப் போச்சு."

"நீ அடைச்ச வண்டியாச்சே!"

"அதனாலதான் அழுகிச்சு."

துளைகளைப் பற்றி அவர் சொல்லி முடிக்கும் வரை ஐலீன் டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப இத்தன வருஷமா அந்த ஓட்ட மேலயா எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்ச?"

"ஆமா."

"ரூம் எல்லாம் போட்டாச்சு. தங்கச்சிகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"பஸ்ல போங்க. திங்கக்கிழம மல்கீத் அழுகினத வெட்டி எடுத்துடுவான். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"நீ சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காது."

ஐலீன் டப்பாவை மேசையில் வைத்தார். கொடுப்பது போலவும் இல்லை, திரும்ப எடுத்துக்கொள்வது போலவும் இல்லை. வாசல் வரை போய்த் திரும்பினார்.

"கண்ணு, என் வண்டி மட்டும்தானா? இல்ல எல்லாத்தையும் இப்படித்தான் அடைச்சியா?"



அன்று சாயங்காலம் வீட்டில் இறைச்சி வைத்துச் சுட்ட அப்பம் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. டெரிக்குக்கு ஆட்களின் பெயர் நினைவிருக்காது, வண்டி எண்கள் நினைவிருக்கும். தான் அடைத்த வண்டிகளின் எண்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மெர்ள் சங்கத்தின் உறுப்பினர் புத்தகத்தில் தேடித் தொலைபேசி எண்ணை எழுதினார். முப்பத்தொன்று வந்தன.

"இதுக்கெல்லாம் யாரு படுத்து வேல செய்யறது?" என்றார் மெர்ள்.

"எவ்வளவு முடியுதோ அவ்வளவு நான். மூடியப் புடுங்கறதாவது அவங்களே பண்ணலாம்."

"சாவி?"

"வாங்கிக்க வர வேணாம்னு சொல்லிட்டேன்."

மெர்ள் எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். 

டெரிக் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதல் வண்டி பெல்ஜியத்துக்கு விற்றுப் போயிருந்தது. இரண்டாவது ஆள் முழுதாகக் கேட்காமலே கத்தினார். டெரிக் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டார். மூன்றாவது நெவில் பார்ட்ரிட்ஜ், சங்கத்தின் பழைய செயலாளர். டெரிக் அதற்குள் மனப்பாடமாகிவிட்டதைச் சொன்னார்.



"அந்த மூடியெல்லாம் நான் எப்பவோ புடுங்கிட்டேன் டெரிக். பத்து வருஷம் இருக்கும். ஒரு கெட்டில் தண்ணி வந்துச்சு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"அதுக்கப்புறம் உன்னப் பாத்தப்ப நீ அதப் பத்தி அவ்வளவு பெருமையாப் பேசிட்டு இருந்த. எப்படிப்பா சொல்றது? உன் மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன்."

"சரி" என்றார் டெரிக். "சரி நெவில். நல்லது."

வைத்துவிட்டு, மெர்ள் எழுதிய காகிதத்தை இழுத்துப் பார்த்தார். நெவில் மூடியைப் பிடுங்கிய பிறகும் இந்தப் பத்து வருடங்களில் தான் அடைத்தவற்றை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினான்கு.

"என்ன சொல்றார் நெவில்?"

"அவர் வண்டி நல்லா இருக்காம்."

மெர்ள் நெவிலின் பெயரை அடித்தார். "அடுத்தது படிக்கட்டுமா?"

டெரிக் தொலைபேசியை இடது கையில் எடுத்தார். கை காது வரை எழவில்லை. திரும்ப வலது கைக்கே மாற்றிக்கொண்டு, "படி" என்றார்.