ராஜாவுக்கு முன்னால் மந்திரி

எங்கள் வீட்டில் சதுரங்க ராணிக்கு மந்திரி என்றுதான் பெயர். உருதுவில் வஜீர், தமிழில் பேசினால் மந்திரி. வெளியே ஊர் முழுக்க மந்திரி என்றால் மூலைவாட்டில் போகிற காய். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் பூட்டுக்கடையில் கூட்டம் நிற்கும்போது காதில் விழுவது வீட்டுப் பேச்சுதான்.

என் நண்பன் மேலூர்க்காரன். போட்டிகளில் ஆடுவது அவன். ஆட்டத்தின் ஆரம்ப நகர்த்தல்களை கம்ப்யூட்டரில் செஸ் இன்ஜின் வைத்து அலசி, கிளை கிளையாக ‘ஓப்பனிங் புக்’ கட்டித் தருவது நான். அந்த வருடம் அவன் ரேட்டிங் சரிந்துகொண்டே வந்தது.

“இந்த மதுரைப் போட்டில பரிசு வாங்கலேன்னா ஆட்டத்தையே விட்டுர்றேன் மாப்ள. வீட்லயும் சொல்லிட்டேன்” என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த வாரம் வாட்ஸப்பில் குரல் அனுப்பினான்: “அவன் குதிரைய எடுத்தா, மந்திரிய ராஜாவுக்கு முன்னாடி வச்சுரு. அங்கேருந்து பாரு மாப்ள.”

நான் ராணியை வைத்தேன். இன்ஜின் முகம் சுளித்தது. கறுப்புக்குத்தான் சாதகம் என்றது. அவன் சொன்னால் காரணம் இருக்கும் என்று லேப்டாப்பைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓடவிட்டு வியாபாரத்தைப் பார்த்தேன். இன்ஜின் அலசுகிற ஆழம் கூடக்கூட அது காட்டும் எண் மாறியது. மதியத்துக்கு மேல் வெள்ளைக்கே சாதகம். கறுப்பு வழக்கமாக ஆடுகிற நகர்த்தலை ஆடினால் அதன் ராஜா மாட்டிக்கொண்டது. அந்தக் கிளைகளை எல்லாம் விடாமல் புக்கில் ஏற்றினேன்.

கடைக்கு வந்து பார்த்தவன், “ஏன்டா ராணிய நிப்பாட்டிருக்க?” என்றான்.

“நீதான மந்திரின்ன.”

கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “நாஞ் சொன்ன மந்திரி வேறடா. அம்புட்டையும் அழிச்சுரு.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “அழிச்சா இனிமே உனக்குப் புக்கு கட்ட மாட்டேன். கறுப்ப நீ ஆடு, வெள்ளைய நான் ஆடுறேன்” என்றேன். திரும்பத் திரும்பத் தோற்றான். அப்புறம் சிரிக்கவில்லை.

மதுரைப் போட்டியின் கடைசிச் சுற்றில் ஜெயித்தால்தான் பரிசு. எதிரே ஒரு கல்லூரி மாணவர். அதுவரை ஒப்பிப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தார். ராஜாவுக்கு முன்னால் ராணி வந்ததும் தலை நிமிர்த்தி, கை தவறி வைத்துவிட்டானோ என்று இவனைப் பார்த்தார். வெகுநேரம் யோசித்து, எல்லோரும் ஆடுகிற நகர்த்தலையே ஆடினார். தூரத்தில் நின்றிருந்த நான் எட்டிப் பார்த்தேன். மீதி ஆட்டத்தை என் நண்பன் தப்பே இல்லாமல் ஆடி ஜெயித்தான்.

கை கொடுத்துவிட்டு அந்த மாணவர் எங்களிடம் வந்தார். “அண்ணே, இத எந்த இன்ஜின் குடுத்துச்சு? எனக்குக் காட்டவே இல்லையே.”

“இன்ஜினுக்கு நாங்க குடுத்தோம் தம்பி” என்றேன். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். ஏறத்தான் செய்தது. இறங்கவேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

நண்பன் வெளியே போய் மனைவிக்கு போன் போட்டான். பரிசைப் பற்றி வாயே திறக்கவில்லை. “ஆட்டத்த விடல” என்றான்.